வேம்பு நின்ன பக்கம்

அன்புள்ள தோழிக்கு,

உன் மெயில் வந்த அன்னிக்கே பதில் போட உக்காந்தேன் டி, ஆனா நீ கேட்டிருந்த கேள்விக்கு ரெண்டு வரில பதில் சொல்லிட முடியல, அதான் மனசுலயே போட்டு வச்சிருந்து இப்ப நிதானமா எழுதுறேன். வாட்ஸப்ல வாய்ஸ் போட்டிருக்கலாம்தான், ஆனா உனக்கும் எனக்கும் லெட்டர்தானே பழக்கம், கும்பகோணத்துல ஒரே ஹாஸ்டல் ரூம்ல படுத்துக் கெடந்துட்டு லீவுக்கு ஊருக்குப் போன உடனே இன்லேண்ட் லெட்டர் போட்டுக்கிட்டவங்க நாம.

மொதல்ல வீட்டு சேதி. மாமியாருக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப பேப்பர் படிக்கிறாங்க, சுவத்துல ஒட்டடை இருந்தா அவங்களே சொல்றாங்க. மக திருச்சிலயேதான் இருக்கா, மாசத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போறா. எங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். கஜா புயல்ல போன தோப்புல திரும்ப வச்ச கன்னுங்க பாளை விட்டு காய்க்க ஆரம்பிச்சிருக்கு, அதனால காலைல காப்பி குடிச்ச கையோட தோப்புக்குப் போயி அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கிறார், கூப்டாலும் வர்றதில்ல. 2018 நவம்பர் 16 விடியக்காலைல ஒரே ராத்திரில அப்பா காலத்து மரமெல்லாம் படுத்துக் கெடந்தத பாத்த மனுஷன் அவர், அதனால நான் ஒண்ணும் சொல்றதில்ல.

சரி, உன் கேள்விக்கு வர்றேன். "இத்தன வருஷமா மரம் மரமாவே போட்டு அனுப்புறியே, ஒரு மனுஷ மூஞ்சி வரையக் கூடாதா, போர்ட்ரெய்ட்ல நீதானே கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்"ன்னு கேட்டிருந்த. அதுக்கு அடுத்த பாராலயே "அவர் போனதுக்கப்புறம் நான் பாதி ஆளு டி"ன்னு எழுதியிருந்த. நீ வேற வேற விஷயமா நெனச்சுத்தான் எழுதியிருப்ப, எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியாத்தான் பட்டுது.

எங்க வீட்டுத் திண்ணைல சனிக்கிழமை சாயந்தரம் தெருப் பிள்ளைங்க வரைய வருதுங்கன்னு சொன்னேன்ல. மரம் வரைங்கடான்னா எல்லாப் பிள்ளையும் ஒரே மரத்ததான் வரையுது, மேகத்துல ஒரு குச்சிய செருகின மாதிரி. பின்னாடி ரெண்டு மலை, நடுவுல சூரியன். மலையே பாக்காத டெல்டா பிள்ளைங்க டி இதுங்க! அதுல எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது மலை கூட இல்ல, அந்த மரம் பேப்பர் நடுவுல தனியா நிக்கும் பாரு, அதுதான். பக்கத்துல இன்னொரு மரம் கெடையாது, ஆடு மாடு கெடையாது, கொடிக்கயிறு கெடையாது. அதனால போன மாசம், உங்க வீட்டு மரத்த போயி பாத்துட்டு வந்து வரைங்கன்னு அனுப்பிட்டேன்.

ஒரு சின்னப் பொண்ணு அவங்க கொல்லைல இருக்கற புளியமரத்த வரைஞ்சுட்டு வந்தா. கீழ் கெளைல ஒரு எடத்துல மட்டும் பட்டை இல்லாம வழவழன்னு வளையம் போட்டு வச்சிருந்தா. என்னடி இதுன்னேன். தம்பிக்கு தூளி கட்டற எடம் டீச்சர், கயிறு ஒரசி ஒரசி இப்டி ஆயிடுச்சு, தம்பிக்கு முன்னாடி என்னைய போட்டாங்களாம், எனக்கு முன்னாடி எங்க அத்தைய போட்டாங்களாம்னா. அப்புறம் கேக்கறா, "நான் பாக்கப் போனப்ப தூளி இல்ல டீச்சர், கழட்டி வச்சிருந்தாங்க, அப்ப இந்த வளையத்த வரையலாமா?" வரையணும் கண்ணு, அத மட்டும் வரைஞ்சா கூடப் போதும்னேன். அந்தப் படத்த ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன், நீ வந்தா காமிக்கிறேன்.

எங்க ஊர் கொளத்தங்கரைல அரசும் வேம்பும் சேந்து நின்னுதே ஞாபகம் இருக்கா. நீ கல்யாணம் ஆகி அண்ணனோட மொத மொத இங்க வந்தப்ப எங்க அம்மா உன்னைய அங்க கூட்டிட்டுப் போயி சுத்த வச்சாங்க, நீ சுத்தி முடிச்ச உடனே "அரச மரத்த சுத்திட்டு அடிவயித்த தொட்டுப் பாத்தாளாம்"னு கெழவிங்கல்லாம் ஒன்ன ஓட்டுச்சுங்க. அந்த மரந்தான். ஊரே கூடி மஞ்சக்கயிறு கட்டி கல்யாணம் பண்ணி வச்ச மரம், கீழ பிள்ளையாரு, நாகர் கல்லு, மேடையெல்லாம் மஞ்சளும் குங்குமமும். எங்க தாத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்பவே அது பெரிய மரமாம்.

கஜால வேம்பு போயிடுச்சு. வேரோட பேந்து கொளத்துக்குள்ள விழுந்துச்சு. அரசு அப்டியே நின்னுது. ரோட்டுலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, மரம் முழுசாத்தான் இருக்கும். கொளத்துப் பக்கம் போயி பாத்தாதான் தெரியும், அந்தப் பக்கம் ஒரு கெளை கூட கெடையாது டி, அடிலேர்ந்து பாதி ஒசரம் வரைக்கும் வெறும் மரம். ஊர்ல எல்லாரும் மூளியா நிக்குதேன்னாங்க, ஒரு சிலர் பாக்கவே நல்லால்ல வெட்டிடலாம்னு கூட பேசினாங்க, அப்புறம் அரச மரத்துல யாரு கத்தி வைக்கறதுன்னு விட்டுட்டாங்க.

புயல் ஓஞ்சு கரண்டு வந்து வீட்டு வேலையெல்லாம் ஒரு வழியா அடங்கினதுக்கப்புறம்தான் பேப்பரும் கலரும் எடுத்துக்கிட்டு அங்க போயி உக்காந்தேன். நம்ம சார் சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்குல்ல, மரத்த வரையாத, மரத்துக்கு நடுவுல தெரியிற வானத்த வரைன்னு. அப்டித்தான் ஆரம்பிச்சேன். மேல வானத்துக்கு தண்ணியா கலர் பூசி ஒரு வாஷ் போட்டுட்டு, கொளத்துப் பக்கம் இருந்த அந்த வெத்து எடத்தோட ஓரத்த பென்சில்ல இழுத்துக்கிட்டே போனேன். இழுத்து முடிச்சுட்டுப் பாக்கறேன், அது வேம்பு டி. வேம்போட அந்தக் கவுந்த உருண்டைக் கொண்டை, ஒரு பக்கம் கொஞ்சம் சரிஞ்சு இருக்கும் பாரு, அது அப்டியே அரச மரத்துல வெட்டி எடுத்தாப்ல நிக்குது. வேம்பு எவ்ளோ ஒசரம், எந்தப் பக்கம் சாஞ்சுது, எந்த எடத்துல தடிச்ச கெளை நீட்டியிருந்துச்சு எல்லாத்தையும் அந்த எடத்த வச்சே சொல்லிடலாம். பிரஷ்ஷ கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அதுல மாயம் ஒண்ணும் இல்ல. ரெண்டு மரம் பக்கத்துல பக்கத்துல வளந்தா, ஒண்ணு நெழல் விழற பக்கம் இன்னொண்ணுக்கு வெயில் கெடைக்காது, அந்தப் பக்கத்துக் கெளை காஞ்சு உதுந்துடும். காத்தடிக்கறப்ப நுனிங்க ஒண்ணோட ஒண்ணு ஒரசி மொட்டெல்லாம் ஒடிஞ்சு போயிடும். மலேசியால கோலாலம்பூர் பக்கத்துல கெப்போங்குன்னு ஒரு எடத்துல வன ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க கபூர் மரங்களோட தலைங்க ஒண்ணையொண்ணு தொடாம, நடுவுல நெடுக வானம் தெரியிற அளவுக்கு எடம் விட்டு நிக்கும், ஃபோட்டோ பாத்திருப்ப. ஏன் அப்டின்னு பல வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க, காத்துல ஒரசறதுதான் காரணம்ங்கறது அதுல ஒரு பதில். எப்டியிருந்தாலும் ஒரு மரத்தோட உருவத்த அந்த மரம் மட்டும் முடிவு பண்றதில்ல, பக்கத்துல நிக்கறதும் சேந்துதான் முடிவு பண்ணுது. வேம்பு பக்கத்துல இல்லாம வளந்திருந்தா அது வேற அரச மரமா இருந்திருக்கும்.

நீ அனுப்பின அந்த வீடியோவும் பாத்தேன், மரமெல்லாம் மண்ணுக்குள்ள பூஞ்சை வழியா பேசிக்குது, சாப்பாடு அனுப்பிக்குதுன்னு. 1997ல சூசன் சிமார்ட்னு ஒரு கனடாக்காரம்மா காட்டுல பண்ணின ஆராய்ச்சி நேச்சர் பத்திரிகைல வந்துச்சு, பிர்ச் மரத்துக்கும் ஃபர் மரத்துக்கும் நடுவுல கார்பன் போயி வருதுன்னு, அதுலேர்ந்து வளந்த கதை இது. 2023ல வேற சில விஞ்ஞானிங்க எல்லா ஆராய்ச்சியையும் எடுத்து வச்சு அலசிட்டு, நெஜக் காட்டுல இவ்ளோ நடக்குதுன்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னு எழுதினாங்க. எனக்கு அந்தச் சண்டைல யாரு பக்கமும் இல்ல, ஆனா ஒண்ணு சொல்றேன், மரத்தோட ஒறவ தேடறதுக்கு மண்ணுக்குள்ள போகவே வேணாம், தரைக்கு மேல எல்லாரும் பாக்கற எடத்துலயே அது எழுதி வச்சிருக்கு, உக்காந்து வரைஞ்சா தெரியுது.

மோன்ட்ரியான் ஞாபகம் இருக்கா, நம்ம லைப்ரரில அந்தப் பெரிய புக்ல பாத்தோமே, கட்டம் கட்டமா வரைவார், அவர்தான். கட்டத்துக்கு முன்னாடி அவர் மரத்ததான் திரும்பத் திரும்ப வரைஞ்சார், 1908லேர்ந்து ஒரு நாலஞ்சு வருஷம். மொதல்ல செவப்பு மரம், கெளையெல்லாம் நெருப்பா நிக்கும். அப்புறம் 1911ல சாம்பல் மரம். 1912ல பூத்த ஆப்பிள் மரம்னு பேரு, ஆனா அதுல மரமே தெரியாது, வளைவும் வளைவுக்கு நடுவுல எடமும்தான். எல்லாரும் அந்தக் கடைசிப் படத்தைத்தான் பெருசா சொல்வாங்க, எனக்கு நடுவுல இருக்கற சாம்பல் மரந்தான் உசத்தி. அதுல கெளைக்கு எவ்ளோ கனமோ நடுவுல இருக்கற எடத்துக்கும் அவ்ளோ கனம், எடத்தையும் தனியா பிரஷ்ஷால தடவித் தடவி வரைஞ்சிருப்பார். வாட்டர்கலர்ல அத நம்மளால பண்ண முடியாது, ஆனா ஒண்ணு பண்ணலாம், இலைக்கு நடுவுல பொத்து பொத்தா தெரியிற வானத்த வெளில இருக்கற வானத்தவிட ஒரு பொட்டு இருட்டா வைக்கணும், அப்பதான் அது மரத்துக்குள்ள இருக்கற வானமா தெரியும், இல்லன்னா பேப்பர்ல ஓட்டை விழுந்த கணக்கா பல்லிளிக்கும். பட்டைக்கும் பழுப்பு வேணாம், அல்ட்ராமரைன் நீலத்துல பர்ன்ட் சியன்னாங்கற காவிக் கலர கலந்தா வர்ற சாம்பல்தான் நெஜமான அரச மரத்துக் கலர்.

மனுஷ மூஞ்சி ஏன் இல்லன்னு கேட்டியே. வான்கோ 1890 ஆரம்பத்துல பிரான்ஸ்ல சான் ரெமில மனநல விடுதில இருக்கார், தம்பி தியோவுக்கு ஆம்பள பிள்ளை பொறந்திருக்குன்னு லெட்டர் வருது, பிள்ளைக்கு உன் பேரையே வச்சிருக்கோம்னு. வின்சென்ட் வில்லம்னு பேரு. இவருக்குன்னு பொண்டாட்டி பிள்ளை யாரும் கெடையாது. அவர் அந்தக் குழந்தை மூஞ்சிய வரையல, தன்னோட மூஞ்சியவும் வரையல, பூத்துக் கெடக்கற ஒரு பாதாம் மரத்துக் கெளைய வரைஞ்சார், பின்னாடி நீல வானம், தரை கூட கெடையாது. தம்பியும் தம்பி பொண்டாட்டியும் படுக்கற ரூம்ல மாட்டறதுக்காக. படுத்துக்கிட்டு அண்ணாந்து பாக்கற குழந்தைக்கு தெரியிற மரம் அதுன்னு எனக்குத் தோணும். அந்த வருஷம் ஜூலைலயே வான்கோ போயிட்டார், ஆறு மாசத்துல தம்பியும் போயிட்டார். இருபத்தெட்டு வயசுல கைக்குழந்தையோட நின்ன தம்பி பொண்டாட்டி யோஹன்னாதான் அத்தன படத்தையும் காப்பாத்தி ஒலகத்துக்குக் காமிச்சாங்க. நெறய படத்த வித்தாங்க, அத விக்கல. அந்தக் குழந்தை பெரிய ஆளாகி இன்ஜினியராகி, 1973ல ஆம்ஸ்டர்டாம்ல வான்கோ மியூசியம் வர்றதுக்கே அவர்தான் காரணம், இன்னிக்கு அந்தப் பாதாம் கெளை அங்கதான் தொங்குது. அந்தப் படத்துல அத்தன பேரும் இருக்காங்க டி, ஒரு மூஞ்சி கூட இல்லாமயே இருக்காங்க. நான் வான்கோ இல்ல, ஆனா நான் வரையிற மரத்துலயும் ஆளுங்க இருக்காங்க.

அண்ணனும் இருக்கார். நீங்க ரெண்டு பேரும் சித்திரை மாசம் ஒரு தடவ வந்தீங்கல்ல, நானும் நீயும் கொளத்தங்கரைல உக்காந்து வரையறோம், வெயிலு கொளுத்துது, வாஷ் போட்ட உடனே காஞ்சு போயி ஓரம் ஓரமா கோடு நிக்குது, நீ சலிச்சுக்கிட்ட. அண்ணன் ஒண்ணும் பேசாம கடைக்குப் போயி ஒரு கருப்புக் குடைய வாங்கிட்டு வந்து உன் பின்னாடி நின்னுக்கிட்டு, உன் தலைக்குக் கூட பிடிக்கல, உன் பேப்பருக்குப் பிடிச்சார். அவர் சட்டையெல்லாம் நனஞ்சு ஒட்டிக்கிச்சு. கலர் காயாம இருந்தாதான் ஒண்ணோட ஒண்ணு கலக்கும்னு நீ எப்பவோ சொன்னத ஞாபகம் வச்சுக்கிட்டு நின்னார் பாரு, ஓவியத்துல ஒண்ணும் தெரியாத மனுஷன். அன்னிக்கு நீ போட்ட படம் எங்க கூடத்துல மாட்டியிருக்கு. அதுல வேம்புக்கும் அரசுக்கும் நடுவுல பச்சை ரெண்டும் கலந்து ஓடியிருக்கற எடம், அது அந்தக் குடை நெழல்ல வந்தது. அது போர்ட்ரெய்ட் இல்லன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அதான் "பாதி ஆளு"ங்கறத படிச்சப்ப எனக்கு தாங்கல. நீ பாதி இல்ல டி. ஒரு பக்கம் வெத்தா இருக்கறவ. அந்த வெத்து எடம் முழுக்க அவர் அளவுதான், அத பாத்தா அவர் எவ்ளோ பெரிய மனுஷன்னு தெரியும். உன் நாத்தனார் சட்டையெல்லாம் எடுத்துக் குடுத்துடுங்கறாங்க, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு பையன்கிட்ட அமெரிக்கா போயிடுங்கறாங்கன்னு எழுதியிருந்தியே, அவங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ஆனா மூளியா இருக்குன்னு மரத்த வெட்டச் சொன்ன பேச்சுதான் அது. உனக்கே எப்ப தோணுதோ அப்ப குடு. தோணலன்னா பீரோல இருக்கட்டும், யாருக்கு என்ன எடஞ்சல்.

பிள்ளைங்க ரெண்டும் தூரமா போயிடுச்சுன்னு வருத்தப்பட்டிருந்த. பிள்ளைங்களுக்கு கெளை வரையச் சொல்லித் தர்றப்ப நான் லியோனார்டோ டாவின்சி நோட்டுல எழுதி வச்சதத்தான் சொல்வேன், ஒரு மரத்தோட எந்த ஒசரத்துல எடுத்தாலும் அங்க இருக்கற கெளையெல்லாம் ஒண்ணா சேத்தா அடிமரத்துப் பருமன் வரும்னு. ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. 2011ல ஒரு பிரெஞ்சு இயற்பியல்காரர் கணக்குப் போட்டு, காத்துல ஒடியாம நிக்கறதுக்குத்தான் மரம் அப்டி பிரியுதுன்னு சொன்னார். பிரியிற எடத்துல ஒல்லியாகும், ஆனா கூட்டிப் பாத்தா கொறையறதில்ல. உன் பையன் தெனம் ராத்திரி அங்கேர்ந்து ஃபோன் போட்டு மாத்திரை போட்டியாம்மான்னு கேக்கறான்ல, அத நான் அப்டித்தான் பாக்கறேன்.

இன்னொண்ணும் சொல்லணும், சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். அந்த அரச மரத்துல கொளத்துப் பக்கம், வெறும் மரமா இருந்துச்சுன்னு சொன்னேன்ல, அங்க வெயில் பட ஆரம்பிச்ச பிறகு பட்டைக்குள்ளேர்ந்து துளிர் வந்துச்சு. பங்குனில புது இலை செம்பு கலர்ல வரும்ல, அந்தக் கலர். இப்ப அதெல்லாம் கை மொத்தத்துக்கு கெளையா ஆயிடுச்சு. அதுங்க வேம்போட எடத்த அடைக்கல, அதுபாட்டுக்கு வேற திசைல, கொளத்துத் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டுப் போகுது. மேடைல ஊர்க்காரங்க ஒரு வேப்பங்கன்னு வச்சு ஆடு கடிக்காம முள்ளு கட்டி வச்சிருக்காங்க, அது இன்னும் என் ஒசரம் கூட இல்ல. உனக்கும் அப்டி ஆகும்னு சொல்ல வரல, அத நான் சொல்லக் கூடாது. வருஷா வருஷம் போயி வரையறேன், அங்க என்ன இருக்கோ அத எழுதறேன், அவ்ளோதான்.

நீ வரையறத விட்டுட்டேன்னு எழுதியிருந்தது மட்டும் எனக்கு சம்மதமில்ல. உன் பிளாட் பால்கனிலேர்ந்து ஒரு தூங்குமூஞ்சி மரம் தெரியுதுன்னு முன்னாடி ஒரு தடவ சொன்ன, கேபிள் வயருக்காக ஒரு பக்கம் வெட்டிட்டாங்கன்னு. அத பென்சில்ல போட்டு அனுப்பு. கலர் வேணாம், நல்லா வரணும்னும் வேணாம். வெட்டின பக்கத்துலேர்ந்து ஆரம்பி.

பங்குனில வா. தாம்பரத்துலேர்ந்து செங்கோட்டை போற ரயில் பட்டுக்கோட்டைல நிக்குது, விடியக்காலைல எறங்கினா இவர் வண்டி எடுத்துட்டு வந்துடுவார், முட்டி வலிக்கு பஸ்ஸுல ஒக்காந்து வராத. பத்து நாளாவது இருக்கற மாதிரி வா, ரெண்டு நாள்ல கெளம்பறேன்னு சொன்னா மாமியார் விட மாட்டாங்க, இப்பவே கேட்டுக்கிட்டு இருக்காங்க. வேப்பம்பூ உதுர்ற நேரம், வருஷப் பொறப்பு பச்சடிக்கு இருந்துட்டே போ. வரப்ப எக்மோர் பக்கம் போக முடிஞ்சா முன்னூறு ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர் ஒரு பேடும், பர்ன்ட் சியன்னா டியூப் ரெண்டும் வாங்கிட்டு வா, இங்க கடைல கேட்டா பிள்ளைங்க போஸ்டர் கலரத்தான் எடுத்து நீட்டறாங்க. ஸ்வீட்டு வாங்கிட்டு வராத, இவருக்கு சுகர்.

சர்க்கரையும் பிரஷரும் உனக்கு எவ்ளோ இருக்குன்னு இந்தத் தடவயாவது மறைக்காம எழுது. டிக்கெட் போட்டுட்டு தேதிய சொல்லு.

உன்,
பழைய ரூம்மேட்